தீவனக் கடைத் திரையில் நீலப் பட்டை

12.5 திங்கள்
காலையிலேயே புழுக்கம். நாகமலைப் பக்கம் ஒரு இலை அசையவில்லை. விளக்கு வைக்கும் நேரம், திருமங்கலம் தீவனக் கடையின் கம்ப்யூட்டரில் வீட்டிலிருந்தே சரக்கிருப்பு முடித்துக்கொண்டிருந்தேன். இணைப்பு அறுந்தது. பாதி வேலை போயிற்று. சனிக்கிழமையும் இப்படித்தான்.

செந்தில் (கொழுந்தன் மகன், இப்போது முதலாளி) போனில்: "கை தவறி எதையாச்சும் அமுக்கிருப்பீங்க பெரியம்மா. வயசாச்சுல்ல. வெள்ளிக்கிழமை ஒரு கம்பெனிக்காரர் வாராரு. கம்ப்யூட்டர இனிமே அவரு பாத்துக்கிருவாரு, பாஸ்வேர்டக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

கடையின் சரக்கிருப்பு புரோகிராமை எழுதியவளே நான். கான்வென்டில் கண்ணைக் கட்டித் தட்டச்சுப் பழகிய கை. தவறுமாம்.

13.5 செவ்வாய்
மோஷ் போடுவதென்று முடிவு. இதுவரை கடை கம்ப்யூட்டருக்குள் நுழைந்த எஸ்எஸ்எச் மாதிரிதான், ஆனால் நெட் போனால் அறுந்துவிடாது, வரும்வரை காத்திருக்கும். இரண்டு பக்கமும் நிறுவியாயிற்று.
– கடை கம்ப்யூட்டரில் லோகேல் (எழுத்து, மொழி அமைப்பு) யுடிஎஃப்-8 இல்லை என்று முரண்டு. மாற்றினேன்.
– மோஷ் உள்ளே வர, கடை ரூட்டரில் யுடிபி போர்ட் திறந்தேன். செ.விடம் கேட்கவில்லை. நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) முன்பே நான் சண்டை போட்டு வாங்க வைத்தது.
– பால் திரிந்தது. பால்காரரைக் கேட்க வேண்டும்.

14.5 புதன்
ஓடுகிறது. வைஃபையை அணைத்து மொபைலுக்கு மாறினேன். இணைப்பு அறுபடவில்லை.

விளக்கு வைக்கும் நேரம், திரையின் உச்சியில் நீலப் பட்டை. கடையிலிருந்து கடைசியாகத் தகவல் வந்து எத்தனை விநாடி என்று எண்ணிக்கொண்டே போனது. நான் அடித்த எழுத்துகள் கடைக்குப் போய்ச் சேராமல் அடிக்கோட்டோடு நின்றன. இங்கே நெட் நன்றாகவே இருந்தது. காப்பி குடித்துவிட்டு வந்தால் பட்டை இல்லை. வேலை விட்ட இடத்திலேயே. ஆக, கோளாறு அங்கே.

15.5 வியாழன்
அதே நேரம், அதே பட்டை. உடனே கடைக்குப் போன். கடை கூட்டும் பேச்சி எடுத்தாள்.

"சாமிக்குப் புதுசா சீரியல் லைட்டு வாங்கிருக்குல்லம்மா. பிளக்கு ஒண்ணுதான இருக்கு? பச்ச லைட்டு மினுக்குற டப்பாவப் புடுங்கிட்டு மாட்டுறது. சூடம் காட்டுனதும் திரும்பச் சொருகிருவோம்."

"யாரு புடுங்குறது?"

"செந்தில் தம்பிதான். எனக்குக் கரண்டுன்னா பயம்."

தானே ரூட்டரைப் பிடுங்கிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, என் கையைச் சொல்கிறான்!

16.5 வெள்ளி
பஸ்ஸில் திருமங்கலம். பையில் லேப்டாப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கம்பெனிக்காரர் என் நாற்காலியில். எழச் சொன்னேன்.

ரூட்டர், சீரியல் லைட் இரண்டையும் பாக்ஸில் மாட்டினேன். லேப்டாப் மொபைல் நெட்டில், கல்லாமேல், எல்லோரும் பார்க்க. சூடம் காட்டினார்கள். பட்டை வரவில்லை.

"இதுக்கா பெரியம்மா இம்புட்டு தூரம்? போன்லயே சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா, வயசாச்சு, ஏதோ ஒளறுறேன்னுருப்ப."

பேச்சி சிரித்துவிட்டாள். செ. முறைத்தான்.

கம்பெனிக்காரர் தொண்டையைச் செருமினார். "மேடம், அந்தப் பாஸ்வேர்டு..."

செ.வைப் பார்த்தேன். அவன் சீரியல் லைட்டைப் பார்த்தான்.

கொடுக்கவில்லை. பூஜைச் சுண்டலில் உப்பு பத்தவில்லை.