என் அறையில் எலி இல்லை

ஜூன் 4

குளியலறையில் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவு இன்னும் மாட்டவில்லை. ஒரு துணிதான் தொங்குகிறது. அப்பா இருமினாலே கை நின்றுவிடுகிறது.

இன்று என் அறைப் பரணில் ஏறிப் புத்தகங்களை இறக்கினேன். கை பட்டதும் மேல்தளத்திலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி. கம்பியா அது? ஏடு ஏடாக உரிந்து வந்தது. உப்புக்காற்று அரித்தது என்று ஜன்னல் கம்பிகளையெல்லாம் மாற்றினாரே அப்பா, தலைக்கு மேல் இருப்பதை யார் பார்ப்பது?

மேஸ்திரியிடம் காட்டினேன். "இந்தப் பக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான் பாப்பா. கீழ ஃபால்ஸ் சீலிங் அடிச்சா ஒண்ணும் தெரியாது."

தெரியாதுதான். அதுதானே என் பயம்!

ஜூன் 9

அப்பாவிடம் சொன்னேன்.

"கூடம், சமையலறை, மாடிப்படி, எல்லாத்தையும் இடிச்சாச்சு. இன்னும் எதை இடிக்கச் சொல்ற? என் மண்டையையா?"

அம்மா கண்ணாலேயே 'போ' என்றாள்.

ஜூன் 12

சீலிங் போட்டுவிட்டார்கள். வெள்ளைவெளேரென்று இருக்கிறது. எரிச்சலாக வருகிறது.

ஜூன் 15

விளக்கை அணைத்ததும் மேலே சத்தம். சொத். பிறகு பலகைமேல் ஏதோ உருள்கிறது. அம்மாவை எழுப்பினேன்.

"எலிடி. படு."

எலி என்றால் ஓடாதா? இது விழுகிறது, அவ்வளவுதான். தங்கை வாலு வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறாள். சத்தம் நேராக அவள் முகத்துக்கு மேலே.

ஜூன் 16

அப்பா எலிப்பொறி வாங்கி வந்தார். ஒரு பலகையை விலக்கி, கையை மட்டும் உள்ளே விட்டு வைத்தார். தலையை நீட்டி ஒரு தடவை பார்த்தால் என்ன? மாட்டார். பார்த்துவிட்டால் இடிக்கணுமே!

ஜூன் 17

வகுப்பில் தூங்கி வழிந்தேன். கணக்கு டீச்சர் வெளியே நிற்க வைத்தார்.

ஜூன் 19

நேற்று இரவு வாலுவைப் பாயோடு கூடத்துக்கு இழுத்து வந்தேன். சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவில் படுத்தோம். விடிந்ததும் அப்பா கத்தினார்.

"புது ரூம்ல படுத்தா மகாராணிக்கு முதுகு வலிக்குதா?"

"விழுந்தா வலிக்கும்ப்பா" என்று சொல்லியேவிட்டேன்.

வாலு சும்மா இருப்பாளா? "நீங்க போய்ப் படுங்கப்பா. எலி வந்து உங்க காதைக் கடிக்கட்டும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னிக்கு நானே படுக்கறேன். பாத்துடலாம்."

இப்போது உள்ளே படுத்திருக்கிறார். அவர் காதில் அது விழ வேண்டும் என்றுதானே இத்தனை நாள் தவித்தேன்? இப்போது ஒன்றுமே விழ வேண்டாம். நான் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அப்பா, ஓரமாப் படுங்கப்பா. சுவர் ஓரமா.

ஜூன் 20

நேற்று எழுதி முடித்துப் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. வெகுநேரம் கழித்து அப்பா தலையணையோடு கூடத்துக்கு வந்தார். தலைமுடி முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூள்.

"தள்ளிப் படு" என்றார். வாலு தூக்கத்தில் அவர்மேல் காலைப் போட்டாள். அவர் விலக்கவில்லை.

காலையில் வாசலில் நின்று மேஸ்திரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சீலிங்கைக் கழட்டணும், மேல இருக்கறதத் தட்டி எடுக்கணும்... எந்த சீலிங்கா? ஆமாய்யா, போன வாரம் போட்டதேதான்."