பலகையைக் கழற்றிவிட்டேன்

அக்கா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். எனக்குச் சுற்றி வளைக்க வராது.

கூடைப்பந்து மைதானத்தில் நான் மாட்டிய புள்ளி காட்டும் மின்பலகையை இன்று கழற்றிவிட்டேன். பந்தைக் கூடையில் போடுபவளின் பெயர் மேலே ஏறும்படி நான் எழுதிய நிரலில் ஒரு பிழையும் இல்லை. நீ பயிற்சி கொடுத்த பெண்கள்தான் ஒருத்திக்கொருத்தி பந்து கொடுப்பதை விட்டுவிட்டார்கள். காலை ஊன்றிப் பந்தை வாங்கக்கூட மறந்துவிட்டார்கள். இப்படி ஆகும் என்று நீ அப்போதே சொன்னாய். "அதெல்லாம் உன் காலத்து ஆட்டம்க்கா" என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். மறுநாளிலிருந்து நீ பயிற்சிக்கு வரவில்லை.

பிறகு, பந்தைக் கொடுப்பவளுக்கும் புள்ளி என்று மாற்றினேன். அதன்பின் ஒருத்தியும் கூடைப் பக்கமே போகவில்லை. கொதிக்கும் பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல் பந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இன்று பலகை இல்லாமல் ஆடவிட்டேன். அணியிலேயே உயரமானவள், நம் நெட்டச்சி, கூடைக்கு அடியில் தனியாக நின்று கையைத் தூக்கினாள். பந்து வரவில்லை.

"ஏம்மா, அவ நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று கத்தினேன்.

"தெரியுதுண்ணா. அவளுக்கு நான் ஏன் குடுக்கணும்?" என்றாள் கேப்டன். கிண்டல் இல்லை அக்கா, நிஜமாகவே கேட்டாள்.

"அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

கேட்கிறேன்.

வாயை அடக்கத் தெரியாத
உன் தம்பி