காயக்கூடாத பீப்பாய்

அண்ணா,

நேற்று உன் முதல் வருஷப் படையலுக்கு இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகன் முரளி, உன் சிநேகிதர் ஸ்டீபன் சார். வேறு யாரையும் கூப்பிடவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் என் உள்ளங்கையில் உன் பிராந்தி வாடை போகவில்லை. மூட்டைப்பூச்சியை நசுக்கின வாடை. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். உன் பீப்பாய் விஷயமாக ஒரு பதிலும் வேண்டியிருக்கிறது.

இந்த சேலையூர் வீட்டு மாடி அறையில் நீ இருந்தவரைக்கும் அந்த வாடைக்குப் பயந்தே நான் படி ஏறியதில்லை. ரிடையராகி வருகிற மனுஷன் ஒரு கடிகாரம் கொண்டுவருவான், சால்வை கொண்டுவருவான். பிராந்தி கம்பெனி ஸ்டோரில் இருந்து நீ கொண்டுவந்தது ஓக் மரத்தில் செய்த குட்டிப் பீப்பாய். அதில் திராட்சை பிராந்தியை ஊற்றி அடைத்து, இரண்டு பொங்கல் போகட்டும் என்று காத்திருப்பாய். திறந்தால் ஊற்றினதைவிடக் குறைந்திருக்கும். "பீப்பாய் குடிச்சது போக மிச்சம்தாம்மா நமக்கு" என்பாய். மரத்துக்கும் குடிக்கக் கற்றுக்கொடுத்த மகராசன் நீ.

குடிக்கிறதிலும் உனக்கு ஓர் ஆசாரம். வயிறு பெருத்து வாய் குறுகின கிளாஸில் அடி மறைகிற அளவு. ஐஸ் கூடாது, சோடா கூடாது. உள்ளங்கையில் ஏந்திச் சூடேற்றி, கண்ணை மூடி மோந்து, அப்புறம் நாக்கு நனைகிற அளவு ஒரு வாய். ஒரு நாள் கீழே முற்றத்தில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடமே நீட்டினாய்.

"மோந்து மட்டும் பாரு. உலர்ந்த திராட்சை, வறுத்த முந்திரி, நனைஞ்ச மரம், எல்லாம் இருக்கு."

"எனக்கு மூட்டைப்பூச்சிதான் இருக்கு. தள்ளிப் போண்ணா, உள்ள சாமி விளக்கு எரியுது."

"கற்பூரத்தைத் தவிர உன் மூக்குக்கு என்ன தெரியும்!"

அந்த கிளாஸைத் துலக்கத் தனி நார், தனி சோப்பு. அந்த சோப்பை மட்டும் வீட்டுக் கணக்கில் எழுதியதில்லை. பிள்ளையார் சுழி போட்ட பக்கத்தில் அதை எப்படி எழுத?

நேற்று வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு எல்லாம் இலையில் வைத்தேன். அது மட்டும் வேண்டாம் என்றேன்.

"அது இல்லாம மச்சான் எப்படிம்மா வருவாரு?" என்றார் இவர்.

முரளி பீப்பாயிலிருந்து எவர்சில்வர் டம்ளர் நிறையப் பிடித்துவந்தான். கையில் ஐஸ்கட்டி வேறு. "மாமாவுக்கு ஜில்லுன்னு இருக்கட்டும்மா."

ஸ்டீபன் சார் சோடா பாட்டிலோடு நின்றார். "இருந்தவரைக்கும் ஊத்த விடல சிஸ்டர். இன்னைக்காவது ஊத்திப் பாக்கறேன்."

குடிக்கிறதே கேவலம், அதையும் கழுநீர் மாதிரிக் கலக்குவதா? "டேய், ஐஸைக் கீழ போடு! சார், மூடியில கை வைக்காதீங்க!" என்று கத்திவிட்டேன். டம்ளரை அப்பால் தள்ளிவிட்டு, உன் கிளாஸைத் துடைத்து, அடி மறைகிற அளவு நானே பிடித்தேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முருகா முருகா என்றபடி, சூடேறும்வரை உள்ளங்கையில் ஏந்தியிருந்தேன். இலையில் வைக்கக் குனிந்தபோது முந்தானை நழுவிவிட்டது.

உலர்ந்த திராட்சை இருந்தது, அண்ணா. அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மூட்டைப்பூச்சி.

படையல் முடிந்ததும் பீப்பாயில் இருந்ததை இவரும் ஸ்டீபன் சாரும் காலி செய்துவிட்டார்கள். சோடா கலந்துதான். "பழைய மரக்கடையில போட்டுடலாம்மா" என்கிறான் முரளி. போடுடா என்றுதான் சொல்ல வந்தேன். பீப்பாய் காயக்கூடாது, காய்ந்தால் பலகை விட்டுப்போகும் என்று நீ சொல்லுவாயே. ஈரத்துணி சுற்றி, என் சாமி அறைக்கு எட்டாத மூலையில் வைத்திருக்கிறேன். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.

உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்தால் போதுமா, அந்தக் கர்மத்தையேதான் ஊற்ற வேண்டுமா? கனவில் வந்தாவது சொல். வாயைக் கொப்பளித்துவிட்டு வா. சீக்கிரம் பதில் வேண்டும்.