அப்பா வாட்சில் என் நடை

பட்டாபிராம்

புஜ்ஜிம்மா,

நான் இங்கே சுகம் என்று எழுதத் தேவையில்லை, அப்பா போன இந்த நாலு மாதமாக அவர் வாட்சை நான் கட்டியிருக்கிறேன், என் நாடி ஓடுகிறதா நிற்கிறதா என்று அது கனடாவில் உனக்குச் சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று எனக்குச் சொல்லத்தான் ஒரு வாட்சும் இல்லை. போன வாரம் நாலாயிரம் அடி நடந்தாய் அம்மா என்று பாராட்டினாயே, மறைக்காமல் சொல்கிறேன், அதில் பாதி தேங்காய் துருவின நடை. கை ஆடினால் கால் நடந்ததாக எண்ணிக்கொள்கிறது, அஞ்சாவது படித்த என்னைவிட மக்கு.

இன்னும் அஞ்சு வருஷத்தில் எல்லார் கையிலும் இது இருக்கும் என்றாய். கீழ்வீட்டு சரசாவிடம் சொன்னேன், "அப்போ நம்ம கை இருக்குமான்னு பாரு மொதல்ல" என்று சிரித்தாள். செல்போன் வந்தபோது இது ஆபீஸ்காரருக்கு, நமக்கெதற்கு என்று சொன்னவள் நான், இப்போது அது இல்லாமல் கீரை வாங்கக்கூடப் போவதில்லை. ஸ்டேஷனில் ரயிலுக்கு ஓடுகிற பிள்ளைகள் பாதிப் பேர் கையில் இருக்கிறது, பூக்காரம்மா கையில் இன்னும் இல்லை. அவள் கட்டினால்தான் ஊரே கட்டியதாக நான் நம்புவேன்.

நீ சொன்னபடி வாட்சில் என் பேரைப் போட செல்போன் கடைக்குப் போனேன். "யாரு பேர்ல கீது ஆன்ட்டி" என்றார் கடைக்கார வினோத். உன் பேரைச் சொல்லி, பவ்யா அப்பா பேரில் என்றேன். அவரும் பவ்யாப்பா என்றே தட்டித் தேடிவிட்டு, "அப்டி யாரும் இல்லியே" என்கிறார். தாலி கட்டின நாள் முதல் அந்தப் பேரைச் சொல்லாத வாய்க்கு இப்போது எப்படி வரும், ரேஷன் கார்டை எடுத்து விரலால் காட்டினேன், கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். வாட்சுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை, பேரைப் போட்டு எழுந்து நடங்கள் என்று நாளுக்குப் பத்துத் தடவை கூப்பிடுகிறது, அவருக்குப் பதில் நான் எழுந்து நிற்கிறேன். பிறகு வினோத், "பேரு மாத்தணும்னா பழசெல்லாம் அழிச்சிட்டுத்தான் ஆன்ட்டி போடணும்" என்றார். கையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் கடைசியாக நடந்த காலைப்பொழுது அதற்குள் இருக்கிறது கண்ணு. நீயும் அங்கிருந்து மாற்றிவிடாதே.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையிடம் வாய்க்கு வாய் பேசாதே, இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்திருக்க வேண்டும். அன்றைக்கு நடந்து திரும்பும் வழியிலேயே அப்பாவுக்குத் துடிப்பு ஏறிவிட்டது என்று பிறகு நீதான் போனில் பார்த்துச் சொன்னாய். அப்படியிருந்தும் வீட்டுக்குள் வந்தவர் "காபி கீதா இல்லியா" என்று மட்டும் கேட்டாரே, வலிக்கிறது என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை?

உன் அம்மா,
வரலட்சுமி