தொட்டிக்குள் ஆடும் குழாய்

பிப். 1, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. துணி ஊறிக்கொண்டிருக்கிறது, துவைக்க மனமில்லை.

குடை இன்றும் விரியவில்லை.

என் புலம்பல் தாங்காமல் அத்தை கேட்டுவிட்டார். "எந்நேரமும் குடை குடைங்கற, எந்தக் குட?" என் வீட்டுக்காரரைப் பெற்றவர், இத்தனை வருஷம் இதே வீட்டில் இருப்பவர், கடல் மீன் தொட்டிப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை. கூட்டிப் போய்க் காட்டினேன். நடுவில் காளான் மாதிரி நிற்கும் பெரிய பவளம்தான் குடை. நன்றாக இருந்தால் தலை முழுக்கச் சின்னச் சின்ன விரல்களை நீட்டி ஆடும். இப்போது மூடிக்கிடக்கிறது. மேலே மெழுகு போல ஒரு தோல். அது உரிந்தால்தான் மறுபடி விரியும்.

"பாம்பா அது, சட்ட உரிக்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் பின்பக்கம் பொட்டு அளவுக்கு வெள்ளை. அழுகல். அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

பவளம் வாங்கிய பெங்களூர்க் கடைக்காரருக்குப் போன். "தண்ணி மாறி மாறி வரணும் மேடம். ஒரே பக்கம் அடிச்சா தோல் உரியாது." சரிதான். கீழ்த்தொட்டியிலிருந்து பம்ப் ஏற்றும் தண்ணீர் ஒரே குழாய் வழியாக, ஒரே பக்கமாக, ராப்பகலாக வந்து விழுகிறது. கடல் அப்படியா இருக்கிறது? போகும், வரும். வாயைத் திருப்பித் திருப்பித் தண்ணீர் விடும் மெஷின் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமாம். விலை சொன்னார். சரிங்க என்று வைத்துவிட்டேன்.

நானே செய்கிறேன். தேவை:
– மெதுவாகச் சுற்றும் மோட்டார் (அத்தையின் பழைய குஞ்சு பொரிக்கும் பெட்டியில் முட்டை புரட்டுவது. ஓடுகிறது!)
– பிவிசி குழாய், ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி இரண்டு
– எல்போ (குழாய் வளைவு)
– பிளாஸ்டிக் ஸ்கேல்
– பொறுமை (ஸ்டாக் இல்லை)

தண்ணீர் படும் இடத்தில் உலோகம் கூடாது. செம்பு, பித்தளை கூடவே கூடாது. துளி கலந்தாலும் பவளம், நத்தை எல்லாம் காலி. எங்கள் முன் அறையிலோ சுருள் சுருளாகச் செம்புக் கம்பி. இவர் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். தொட்டிக்குள் இவர் கை வைக்கக் கூடாது என்பது இந்த வீட்டில் நான் போட்ட ஒரே சட்டம்.

பிப். 2, திங்கள்

கல்லூரி லேபில் நாள் முழுக்கக் குடுவை கழுவல். தர்மபுரியிலிருந்து பஸ்ஸில் நின்றபடி வீடு. டீ குடித்துவிட்டு நேராக வேலை.

வெளிக் குழாய் அசையாமல். உள் குழாய் திரும்ப வேண்டும். அதன் முனையில் எல்போ, அதுதான் வாய். மேலே மோட்டார். மோட்டார் தட்டில் மையத்தை விட்டுத் தள்ளி ஒரு முளை, முளையிலிருந்து உள் குழாய்க்கு ஸ்கேல் துண்டு. மோட்டார் சுற்றச் சுற்ற வாய் இடப்பக்கம் போய் வலப்பக்கம் வரும்.

முதல் தடவை ஸ்கேல் நீளம் தப்பு. வாய் முழு வட்டம் அடித்து என் முகத்தில் தண்ணீர். அத்தை விழுந்து விழுந்து சிரிப்பு. வெட்டினேன், மறுபடி வெட்டினேன். வாளியில் வைத்துப் பார்த்தால், ஆஹா. இடம். வலம். இடம். வலம்.

அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது.

பிப். 3, செவ்வாய்

தொட்டியில் மாட்டியாயிற்று. கோமாளி மீன் இரண்டும் முதலில் ஓடி ஒளிந்தன. அப்புறம் தண்ணீர் திரும்பும் பக்கமெல்லாம் போய் நின்று ஊஞ்சலாடுகின்றன. கொழுப்பு.

ஒரே குறை, சத்தம். கிர்ர்ர். உள் குழாய் கொஞ்சம் லூஸ், வெளிக் குழாயில் உரசுகிறது. சாப்பிடும்போது கிர்ர்ர். போன் பேசும்போது கிர்ர்ர். அழுகும் பொட்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டதோ என்று வேறு சந்தேகம். யார் பேசினாலும் சிடுசிடுத்தேன்.

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன் வெகுநேரம் நின்றார். "நல்லாத்தான் பண்ணிக்கிற. உள்ளாற தட்டுதே சுமதி."

"தெரியுதுங்க. சும்மா இருங்க."

பாவம், போய்விட்டார்.

பிப். 4, புதன்

காலையில் சத்தமே இல்லை! தானாகத் தேய்ந்து சரியாகிவிட்டது போல. நிம்மதியாக வேலைக்குப் போனேன். பஸ்ஸில் பாட்டு வேறு கேட்டேன், முட்டாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால், குடையைச் சுற்றிச் சட்டைப் பித்தான் மாதிரி இருக்கும் பட்டன் பவளம் ஒன்று விடாமல் மூடிக்கிடக்கிறது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து. குடை சுருங்கி, பாதி உயரம். குழாய் மூட்டில் மஞ்சளாக ஏதோ மின்னியது.

பித்தளை. சுற்றும் தண்டு ஆடாமல் இருக்க மோட்டாரில் மாட்டுவார்களே, அந்த புஷ். என் குழாய்க்கு அளவாகக் கடைந்து, வழவழவென்று பாலிஷ் போட்டது. விடியற்காலையில் நான் எழுவதற்குள் மாட்டியிருக்கிறார்.

கழற்றி வீசினேன். கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"உங்கள யாருங்க கை வைக்கச் சொன்னது?"

"ஆடற எடத்துக்கு புஷ்ஷுதான போடுவோம் நாங்க..." முகம் வெளுத்துவிட்டது. "செம்பு ஆவாதுன்னு சொன்ன. கம்பியத்தான சொல்றன்னு நெனச்சன். பித்தளையிலயும் அதுதான் கலந்துக்குதுன்னு அந்நேரத்துக்குத் தோணல சுமதி."

"தொழிலே அதுதான உங்களுக்கு!"

"நீ நேத்து பூரா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த. சத்தம் நின்னா சிரிப்பன்னு நெனச்சன்."

செம்பை உறிஞ்சக் கரித்தூள் பையைப் பம்ப் முன்னால் போட்டேன். கைவசம் கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீரை ஊற்றி மாற்றினேன். போதாது. இன்னும் நிறைய வேண்டும்.

இந்தக் குடையை வாங்கியதே இவர்தான். பெங்களூரில் டாக்டர் இனி குழந்தைக்கு முயற்சி வேண்டாம் என்று சொன்ன அன்று. மழை. ஒதுங்கிய கடையில் மீன் தொட்டிகள். நான் எதையோ பார்த்துச் சிரித்தேனாம். எனக்கு நினைவில்லை. ஊர் வரும்வரை அந்தப் பையை இவர் மடியை விட்டு இறக்கவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது.

அது செத்துவிட்டால் இவரை நான் மன்னிப்பேனா? தெரியவில்லை. பயமாக இருக்கிறது, பவளத்துக்கு மட்டும் இல்லை.

பிப். 5, வியாழன்

லீவு. எங்கள் போர் தண்ணீர் பல்லையே மஞ்சளாக்கும், தொட்டிக்கு ஆகாது. வீட்டு ஆர்ஓ சொட்டுச் சொட்டாகத்தான் தரும். இவர் வண்டி எடுத்துப்போய்க் கடைத் தண்ணீரைக் கேன் கேனாக இறக்கினார். எதிர் வீட்டம்மா வாசலில் நின்று, "என்னா சுமதி, விசேஷமா? சொல்லவே இல்ல? இத்தன கேன் எறங்குது!"

"மீனுக்குங்க அக்கா."

"மீனுக்கு விசேஷமா?"

பிளாஸ்டிக் அண்டாவில் உப்பு கரைத்து, பம்ப் போட்டு ஓடவிட்டு, சூடு பார்த்து, மெதுவாக மாற்றினோம். இவர் தூக்கித் தந்தார், நான் ஊற்றினேன். வேலை மட்டும் நன்றாக நடந்தது.

மதியம் அத்தை கத்தல்: "காய் நறுக்கற பலகை எங்க போச்சு?" முன் அறை லேத்தில். இவர் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையிலிருந்து ஒரு புஷ் கடைந்து கொண்டிருந்தார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மாட்டட்டுமா என்று கேட்கவில்லை. நானே வாங்கிக் கழுவி மாட்டினேன். சத்தமே இல்லை. ஆடவும் இல்லை. கெட்டிக்காரர்தான், என்ன செய்ய.

பிப். 6, வெள்ளி

நத்தைகளில் ஒன்று செத்தது. மற்றவை நகர்கின்றன. அப்பாடா. பட்டன் பவளத்தில் நாலைந்து மட்டும் அரைக்கண் திறந்திருக்கின்றன.

குடை அப்படியே. தண்ணீர் அதன் இருபக்கமும் மாறி மாறிப் படுகிறது. அதற்கு மேல் நம் கையில் ஒன்றும் இல்லை.

இவர் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். அத்தை என்னை ஒரு பார்வை. "அவன் வேணும்னா பண்ணான்?" இல்லைதான். போய் இன்னும் இரண்டு வைத்தேன். "சாப்பிடுங்க. நீங்க பட்டினி கெடந்தா அது விரியுமா?" நிமிர்ந்து பார்த்தார். சட்னி கேட்டார்.

கத்தியது கொஞ்சம் அதிகம்தான்.

பிப். 8, ஞாயிறு

பட்டன் எல்லாம் திறந்தாயிற்று, பச்சையும் ஆரஞ்சுமாக. வெள்ளைப் பொட்டு பெரிதாகவில்லை, நான்கு பக்கமும் பார்த்துவிட்டேன். குடைத் தலையில் தோல் ஓரமாகச் சற்றுத் தூக்கியிருக்கிறது. என் கண்ணுக்கு மட்டுமா? இவரைக் கூப்பிட்டேன். கண்ணாடி போட்டு, குனிந்து, "தூக்கித்தான் இருக்குது" என்றார். ஆசைக்குச் சொல்கிறாரோ.

துணி, வீடு துடைப்பது, ஆர்ஓ ஃபில்டர். எல்லாம் முடிந்தது.

பிப். 9, திங்கள்

வெயில் கூடிவிட்டது. லேபில் ஃபேன் ரிப்பேர். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட், அதிசயம்.

ஊர் வரும் முன்பே போன் நடுங்கியது. இவர் அனுப்பிய படம். பாதியில் இவர் கட்டைவிரல். மீதிப் பாதியில் குடை. தலை முழுக்க விரல்கள், எண்ண முடியாத அளவு, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து. கூடவே குரல் செய்தி, மூச்சு வாங்க: "சுமதி... உரிஞ்சிருச்சு. தோலு மேல மெதக்குது. வெரல் வெரலா நீட்டிக்கிச்சு. நான் எதும் தொடல. பாத்துக்கிட்டுதான் நிக்கறன்."

மூன்று தடவை கேட்டேன்.

பக்கத்தில் காலிப் பூக்கூடையோடு ஓர் அம்மா. எட்டிப் பார்த்தார்.

"என்னாம்மா அது, காலிபிளவரா?"

"இல்லைங்க, பவளம். எங்க வூட்ல இருக்குது."

"அதுக்கா அழுவற?"

"அழுவலைங்க."

நம்பவில்லை. போனை வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"உசுரு இருக்குதா அதுக்கு?"

"இருக்குதுங்க," என்றேன். "பொழச்சிக்கிச்சு."