ஒரு சாண் உயரம்

சோவெரே, ஏப்ரல் 17

அன்புள்ள ரைவோ அண்ணனுக்கு,

“நாம ரெண்டு பேரும் செத்து முந்நூறு வருஷம் கழிச்சு அந்தச் சதுப்பு ஈரமா இருந்தா உனக்கு என்னடி வந்துச்சு?” என்று நேற்று கடையில், ரொட்டி வாங்க நின்ற எல்லோர் முன்னாலும் கேட்டாய். வீடு வரும் வரை யோசித்தேன். பதில் தெரியவில்லை. தெரியாது என்று எழுதிக் கொடுக்க எனக்கு வெட்கமும் இல்லை. ஆனால் பதில் தெரியவில்லை என்பதற்காக அணையை எடுத்துவிட மாட்டேன்.

சதுப்பு மறுபடி நனைய வடிகாலின் குறுக்கே நாங்கள் கட்டிய மூன்றாம் அணையின் பலகைகளைப் பிடுங்கியது நீதான். வேறு யாராவது கோபத்தில் செய்திருந்தால் உடைத்துப் போட்டிருப்பார்கள். நீ நீளவாரியாக அடுக்கி, காற்றில் சரியாமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். மார்ச்சில், உறைந்த சேற்றில், எங்கள் குழுவினர் பதினொரு பேர் இரண்டு சனிக்கிழமை சம்மட்டி பிடித்து அடித்த பலகைகள் அவை. ஒருவருக்கும் கூலி கிடையாது. அவர்களில் எண்டெலுக்கு வயது எழுபத்திரண்டு. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், முதுகுவலிக்காரர்.

அறுபது வருடமாக அந்த வடிகால் சதுப்பை உலர்த்திக்கொண்டிருக்கிறது. பாசி செத்து, இப்போது காய்ந்து கரிபோலக் கிடக்கிறது. வரும் சனிக்கிழமை பலகைகளை மறுபடி அடிப்போம். கடையில் பேசியதற்குப் பிறகு உன்னிடம் வாயால் பேச விருப்பமில்லை. அதனால்தான் கடிதம்.

மேரிட் அண்ணிக்கு என் அன்பு.

லாக்லே


ஏப்ரல் 21

லாக்லே,

ஆமாம், நான்தான். மறைக்கவா செய்தேன்?

கீழ் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. என் பன்னிரண்டு மாடுகளுக்கும் குளிர்காலப் புல் அந்த வயலிலிருந்துதான் வருகிறது. போன வருடம் நீ வரைபடத்தை விரித்து, கீழ்க்கோடியில் பத்தடிதான் நனையும் என்றாய். தங்கச்சி சொல்கிறாளே என்று கையெழுத்துப் போட்டேன். இப்போது பாதி வயலைக் காணோம். அதில் ஒரு ஜோடிக் கொக்கு நடக்கிறது. அதுவும் உன் ஆள்தான் போலிருக்கிறது.

நீ தார்த்துப் பல்கலைக்கழகத்தில் மண் படித்தவள். எனக்கு மாட்டுச் சாணம்தான் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், மறுபடி அளந்து பார்.

மேரிட் ஊறவைத்த காளான் கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஜாடியைத் திருப்பிக் கொடு. போன தடவை ஜாடி இன்னும் வரவில்லையாம்.

ரைவோ


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

அளந்தது நானே. இரண்டு முறை அளந்தேன். மட்டம் சரியாக இருக்கிறது. இந்த வருடம் பனி அதிகம், எல்லாம் ஒரே வாரத்தில் உருகியது. உன் வயலில் நிற்பது அந்தத் தண்ணீர்தான். மே மாதத்தில் தானே இறங்கும்.

பலகைகள் சனிக்கிழமையே திரும்ப ஏறிவிட்டன. இம்முறை குறுக்குச் சட்டம் வைத்து ஆணியும் அடித்திருக்கிறோம். நீ மறுபடி பிடுங்கினால் நாங்கள் மறுபடி அடிப்போம். உனக்கு இரண்டு கை. எங்களுக்கு இருபத்திரண்டு.

இரண்டு ஜாடிகளையும் இத்துடன் அனுப்புகிறேன். காளானில் உப்பு கொஞ்சம் அதிகம். அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.

லாக்லே


ஏப்ரல் 28

லாக்லே,

பிடுங்க வந்தேன். பிடுங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று தோன்றியது. அதை மட்டும் கேட்கிறேன்.

தேவாலயச் சுவரில் பதித்திருக்கும், நிலத்தின் உயரம் அளப்பதற்கான இரும்புக் குறியிலிருந்துதானே உயரம் எடுத்தாய்? அந்தக் குறியின் உயரத்தை எந்தப் பட்டியலில் பார்த்தாய்? கொட்டகை கட்டும்போது நானும் அப்பாவின் பழைய பட்டியலை வைத்துத்தான் அடித்தளம் போட்டேன். நகராட்சி ஆள் வந்து சிரித்துவிட்டுப் போனான். “இது ரஷ்யாக்காரன் கடலு சார். நாம இப்ப ஆம்ஸ்டர்டாம் கடல்லேருந்து அளக்குறோம்” என்றான். என் கொட்டகை இன்றும் பாதையைவிட உயர்ந்துதான் நிற்கிறது. நீயே அதைக் கேலி செய்திருக்கிறாய்.

காளானில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ரைவோ


மே 5

அன்புள்ள அண்ணனுக்கு,

பட்டியலைப் பார்த்தேன். நான் பயன்படுத்தியது 1977ஆம் வருடத்துக் கணக்கு. ரஷ்யாவின் க்ரோன்ஸ்டாட் துறைமுகத்துக் கடல்மட்டத்திலிருந்து எண்ணியது. அணையின் வரைபடம் புதிய கணக்கில், ஆம்ஸ்டர்டாமிலிருந்து எண்ணிப் போட்டது. நம் பக்கத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு சாண் வித்தியாசம். ஆக, அணை ஒரு சாண் உயரமாக நிற்கிறது. இரண்டு முறை அளந்தேன் என்று பெருமையாக எழுதினேன். ஒரே தவற்றை இரண்டு முறை செய்திருக்கிறேன்.

நேற்று எங்கள் ஆட்களிடம் சொன்னேன். பிறகு எண்டெல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க அண்ணங்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. சத்தமில்லாம ஒரு சாண் அறுத்துட்டு, பனித்தண்ணி வடிஞ்சிருச்சுன்னு சொல்லிருவோம். இல்லன்னா அடுத்த தேர்தல் வரைக்கும் ஊரெல்லாம் சொல்லிட்டே திரிவாரு” என்றார்.

“திரியட்டும்” என்றேன்.

நாளை காலை பத்து மணிக்கு அறுக்கிறோம். நீ வரலாம், வராமலும் இருக்கலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அறுப்பது ஒரு சாண்தான். வந்து நின்றுகொண்டு இன்னும் ஒரு விரல், இன்னும் இரண்டு விரல் என்று பேரம் பேசாதே. கீழ்க்கோடியில் பத்தடி நனையத்தான் செய்யும். நீ கையெழுத்திட்டது அதற்குத்தான். வடிகாலை மறுபடி திறந்துவிடுவாய் என்றால், நான் மறுபடி சம்மட்டியோடு வருவேன். எனக்கு அறுபது ஆனாலும் வருவேன், எண்டெல் போல முதுகைப் பிடித்துக்கொண்டாவது வருவேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். அந்த ஒரு சாணுக்கு மட்டும்.

லாக்லே


மே 7

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் பணிக்குறிப்பேட்டில் நேற்று நடந்ததை எழுதினேன். உன்னைப் பற்றியும் வருவதால் நீ படிக்க வேண்டும். இதோ, ஒரு சொல்லும் மாற்றாமல்:

“மே 6. வானம் மூட்டம், மழை இல்லை. வந்தவர்கள் பதினொரு பேர். மூன்றாம் அணை தவறான உயரத்தில் கட்டப்பட்டது என்பதையும், தவறு என்னுடையது என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். நில உரிமையாளர் பத்து மணிக்குத் தம் சொந்த ரம்பத்தோடு வந்தார். ‘குடு இங்க. நீ அறுத்தா கோணப் போகும்’ என்று சொல்லி, நான் இட்ட கோட்டில் பலகைகளை அவரே அறுத்தார். கோட்டுக்குக் கீழே போகவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குள் தண்ணீர் வடிந்து வயல் வெளியே வந்தது. கீழ்க்கோடியில் பத்தடி நனைந்தே நின்றது. நில உரிமையாளர் அதை வெகுநேரம் பார்த்தார். சூப் சாப்பிடக் கூப்பிட்டோம். டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இனி அவர் நம் பக்கம் வரமாட்டார் என்று எண்டெல் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான்கரை மணிக்கு நில உரிமையாளர் வேலிக்கம்பங்களோடு திரும்பி வந்தார். சதுப்பை ஒட்டிய பழைய வேலியைப் பிடுங்கி, நனைந்த பத்தடியைச் சதுப்பின் பக்கம் விட்டு, வயலுக்குள் தள்ளி நட்டார். கம்பியின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் பிடித்தேன்.”

லாக்லே