மெத்தையைக் காப்பாற்றிய அட்டைப்பெட்டி

என் வீட்டு மகாராணிக்கு,

நான் சௌக்கியம். அம்மாவின் இருமல் தணிந்ததா? வில்வித்தைப் போட்டிக்குப் பழகுகிறேன் என்று நம் மகள் மெத்தையைச் சல்லடையாக்குகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன்!

கிடங்கில் தூக்கிப்போடும் அட்டைப்பெட்டிகளை வெட்டி, அகலப் பக்கம் என்னைப் பார்க்கும்படி அடுக்கிக் கட்டினேன். அறைத்தோழரான டிரைவர் குழாயை வளைத்துச் செய்த வில்லால் அம்பு விட்டேன். அம்பு அத்தனையையும் துளைத்து, அறையில் உடனிருக்கும் சமையல்காரரின் தலையணையில் போய் நின்றது. "நல்லவேளை, பல் தேய்க்கப் போனேன்!" என்றார் அவர்.

பிறகு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, வெட்டிய ஓரம் எங்களைப் பார்க்கும்படி பெல்ட்டால் இறுக்கினோம். அம்பு கப்பென்று நின்றது! நாங்கள் போட்ட கூத்தில் சண்டைக்கு வந்த கீழ்வீட்டுக்காரரும் ஓர் அம்பு விட்டுத்தான் போனார்.

நீயும் அப்படியே கட்டி, முன்னால் வட்டங்கள் வரைந்த தாளை ஒட்டிக் கொடு. என் பழைய பெல்ட் அலமாரியில் இருக்கிறது. அவள் நடு வட்டத்தில் அடிக்கும் முதல் தாளை ஓட்டையோடு அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. தாளை மறந்துவிடாதே, என் கட்டிலோரச் சுவர் மொட்டையாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்